பீரோ அக்கா அளந்த வீடு

உலகத்தில் இருக்கும் பொருள்களையெல்லாம் ஒரு தடவை அளந்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று கிளம்பிய ஒரே ஜீவன், எனக்குத் தெரிந்து, பீரோ அக்காதான். பல்லாவரம் மலை தப்பித்ததற்குக் காரணம், வீட்டு பிளானில் மலைக்கு வேலை இல்லை என்பது மட்டுமே. மற்றபடி தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரை அக்காவின் டேப்புக்குத் தப்பிய கட்டில், தொட்டில், கிரைண்டர் எதுவும் கிடையாது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல், முதல் மாடியில் எங்கள் ஆபீஸ். வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது தொழில். நான் சீனியர் டிராஃப்ட்ஸ்மேன். சீனியர் என்றால் ஏ.சி.க்கு நேர் கீழே உட்காரலாம், அவ்வளவுதான். அதுவும் ஏ.சி. சொட்டும் என்பதால் யாரும் போட்டிக்கு வருவதில்லை. அக்காவுக்கு வயது முப்பத்தைந்து இருந்தால் அதிகம். எனக்கு நாற்பத்தாறு, முதலாளிக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஆபீஸ் மொத்தத்துக்கும் அவர் அக்காதான். "அக்கா கோச்சுக்கப் போறாங்கப்பா, அந்த ஜன்னல ஒழுங்கா போடுங்க" என்று முதலாளியே சொல்வார். நிஜப் பெயர் என்று ஒன்று எங்காவது ரிஜிஸ்டரில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

பீரோ என்ற பட்டம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் பிளான் வரையும்போது கதவு, ஜன்னல், கட்டில், வாஷ்பேசின் எல்லாவற்றையும் ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். ஒரு தடவை சரியாக வரைந்து, பெயர் வைத்துச் சேமித்துவிட்டால், அப்புறம் வேண்டும்போதெல்லாம் திரையின் ஓரத்தில் இருக்கும் பட்டையிலிருந்து மவுஸால் இழுத்துப் போட்டால் போதும். அப்படிச் சேமித்த ஒவ்வொன்றையும் நாங்கள் பிளாக் என்போம். மொத்தச் சேமிப்பை மற்ற ஆபீஸ்களில் லைப்ரரி என்பார்கள். அக்கா அதற்குப் பீரோ என்று பெயர் வைத்தார். மேல் தட்டில் கதவு, ஜன்னல். நடுத் தட்டில் சமையலறைச் சாமான். கீழ்த் தட்டில் குளியலறை. லாக்கரும் உண்டு, அதன் பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். அதற்குள் என்னதான் இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். "இன்னும் ரெண்டாவது தடவ அளக்காதது சார்" என்றார்.

இந்த பிளாக்குகள் இணையத்தில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கின்றன. அக்காவுக்கு அது ஆகாது. "அது எந்த ஊர் கட்டில் சார்? யார் படுத்த கட்டில்?" என்று கேட்பார். அதனால் பீரோவில் இருந்தது அத்தனையும் நம்ம ஊர்ச் சாமான், அக்கா தன் கையால் அளந்தது. தண்ணீர் கேன் இருக்கும். துணி காயப்போடும் ஸ்டாண்ட், விரித்தது ஒன்று, மடித்தது ஒன்று இருக்கும். கேஸ் சிலிண்டரில் 'நிறைஞ்சது' என்று ஒன்றும் 'காலி' என்று ஒன்றும் இருந்தன. இரண்டும் ஒரே வட்டம்தானே, எதற்கு இரண்டு என்று நான் கேட்டுத் தொலைத்தேன்.

"காலி சிலிண்டர் வாசப் பக்கம் நிக்கும். நிறைஞ்சது அடுப்புக்குக் கீழ நிக்கும். ரெண்டுக்கும் எடம் விடலன்னா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குவாங்களா?"

'செருப்பு, விருந்தாளி வந்த நாள்' என்று ஒரு பிளாக் இருந்தது. பதினாலு ஜோடி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு கிடக்கும். வாசலில் அதை இழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படிக்கட்டின் அகலத்தையே முடிவு செய்வார்.

மேடவாக்கத்தில் எங்கள் ஆபீஸ் பையன் ஒருவனுக்குக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்கா திடீரென்று காணாமல் போனார். தேடினால், பின் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே டேப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் அப்பளத்தைக் கையில் வைத்தபடி உறைந்து போயிருந்தார். "ஒரு நிமிஷம் அசையாதீங்கய்யா" என்று அக்கா சொன்னதை, ஏதோ முதுகில் ஊர்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் பீரோவின் நடுத் தட்டில் 'சாம்பார் வாளி போற வழி' என்று புதிய பிளாக் வந்துவிட்டது.

ஸ்டேஷன் பக்கத்து வண்டி ஸ்டாண்டில் ஒரு பெரிய பைக்கை அளந்துகொண்டிருந்தபோது வண்டிக்காரர் ஓடி வந்தார்.

"இன்னா மேடம், சும்மா நின்னுகினு கீற வண்டிய எதுக்குப் பேஜார் பண்றீங்கோ?"

"ஹாண்டில மட்டும் அந்தப் பக்கம் திருப்பிப் பிடிங்க. போர்ட்டிகோல உங்க வண்டிக்கு எடம் வேணாமா?"

என்ன புரிந்ததோ, அந்த மனிதர் திருப்பிப் பிடித்தார். அப்புறம் அக்கா ஏறி உட்காரச் சொன்னார், அவர் உட்கார்ந்தார். காலை ஊன்றி இறங்கச் சொன்னார், இறங்கினார். அதன் பிறகு எங்கள் ஆபீஸ் போட்ட எல்லா போர்ட்டிகோவிலும் அந்த ஆளின் பைக்தான் நின்றது.

அளப்பதைத் தவிர வேறு எந்த வேலையையும் இரண்டாவது தடவை செய்வது அக்காவுக்கு உடம்பிலேயே ஒத்துக்கொள்ளாது. யாராவது மறதியாகக் கதவை ஒவ்வொரு கோடாக வரைய ஆரம்பித்தால், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபடியே, "யாரு அங்க கதவு வரையறது? ஒம்பது க்ளிக் கேட்டுச்சு. பீரோல ரெண்டு க்ளிக்" என்பார். வாழ்க்கையையும் அப்படியே நடத்தினார். செவ்வாய் என்றால் எலுமிச்சை சாதம். லீவு லெட்டர், வாழ்த்து, அனுதாபம் எல்லாம் போனில் தயாராக இருக்கும். என் மாமனார் தவறிய அன்று அக்காவிடமிருந்து எனக்கு வந்த செய்தியில், 'தங்கள்' என்பதற்கும் 'அவர்களின் மறைவு' என்பதற்கும் நடுவில் ஒரு நீளமான கோடு இருந்தது. நிரப்ப மறந்துவிட்டார். ஆனால் அது வந்த அரை மணி நேரத்தில் ஆளே நேரில் வந்து, உடம்பை வைத்த பெட்டியை எடுத்துப் போக வழி விட்டு, பந்தல் நாற்காலிகளைப் போட்டுவைத்தார். அன்று அதை யோசிக்கும் நிலையில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஆபீஸுக்கு மாப்பிள்ளை வந்தார். முதலாளியின் மாப்பிள்ளை. காட்டாங்குளத்தூரில் படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, மாமனாரின் தொழிலைத் தூக்கி நிறுத்த வந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கும் வியாதி மட்டும் இருந்தது. முதல் வாரமே என்னைக் கூப்பிட்டார்.

"ப்ரோ, இந்த அக்கா ஏன் பாதி நாள் சீட்லயே இல்ல?"

"அளக்கப் போயிருப்பாங்க."

"நெட்ல ஆயிரக்கணக்குல ஃப்ரீயா கெடைக்குதே ப்ரோ. போன மாசம் யார் யார் எத்தன டிராயிங் முடிச்சாங்கன்னு ஒரு லிஸ்ட் குடுங்க."

கொடுத்தேன். எனக்கு நேராகப் பதினாலு. மற்றவர்களுக்குப் பத்து, பதினொன்று. அக்காவுக்கு மூன்று. பொய் ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பதினாலைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மறுநாள் மாப்பிள்ளை அக்காவைக் கூப்பிட்டு, இந்த மாதக் கடைசியோடு போதும் என்று பதமாகச் சொல்லிவிட்டார். முதலாளி அன்று முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை. அக்கா சீட்டுக்கு வந்தார், ராஜினாமா கடிதத்தை ஒரே நிமிடத்தில் பிரிண்ட் எடுத்தார். அதுவும் ஏற்கெனவே தயாராக இருந்திருக்கிறது. எங்கள் பட்டையிலிருந்து பீரோவை எடுத்துவிட்டு, மாப்பிள்ளை இறக்கி வைத்திருந்த புதிய லைப்ரரியைப் போட்டார்கள். அதில் கணப்பு அடுப்பு இருந்தது, பியானோ இருந்தது. இட்லிப் பானை வைக்கிற மேடை இல்லை.

அந்த லைப்ரரியில் நான் போட்ட முதல் பிளான், சேலையூர் டீச்சருடையது. ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். கால் கிரவுண்ட் மனை. அவர் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். டீச்சர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாடுலர் கிச்சன் எல்லாம் எனக்கு வேணாம் சார். ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் அவர் தானா எந்திரிச்சு, யார் கையும் பிடிக்காம பாத்ரூம் போய்ட்டு வரணும். நான் கூடப் போனா அவருக்கு அழுக வருது."

டீச்சர் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. பத்தேகாலுக்கு நான் புதிய லைப்ரரியிலிருந்து ஒரு கட்டிலை இழுத்துப் போட்டேன். திரையில் வீட்டையே காணோம். நாங்கள் வரைவது அடி, அங்குலத்தில். அந்தக் கட்டிலை எவனோ மில்லிமீட்டரில் வரைந்திருக்கிறான். இரண்டாயிரம் மில்லிமீட்டர் நீளக் கட்டிலைக் கம்ப்யூட்டர் இரண்டாயிரம் அங்குலம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. கட்டில் டீச்சர் மனையைத் தாண்டி, எதிர்வீட்டைத் தாண்டி, மெயின் ரோடு பக்கம் போய் நின்றது. கூடவே இழுத்த துணி பீரோவும் கழிப்பறைத் தொட்டியும் அதே கதிதான். ஊரே உட்காரலாம் போல ஒரு தொட்டி.

சரியான அளவைக் கொடுத்துச் சுருக்கியிருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. நான் சீனியர் அல்லவா, எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து, கண்ணளவாகச் சுருக்கினேன். பார்க்க அழகாக ஆனதும் நிறுத்தினேன். டீச்சர் வந்து பார்த்தார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே தாராளமாக மூன்றடி வழி.

"இவ்ளோ எடம் வருமா சார்? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமே வேலை ஆரம்பமானது.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அக்காவுக்கு அடுத்த நாளோடு கணக்கு முடிகிறது. என் மேஜையில் டீச்சர் வீட்டு பிளான் விரிந்து கிடந்தது. பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், இது யாரு கட்டில்?"

"டீச்சரோடது."

"டீச்சர் கட்டில போன வருஷமே அளந்துட்டேன். அஞ்சடி அகலம். இதுல யாராவது படுத்தா கால் வெளிய தொங்கும்."

நான் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தேன். நாலடி. பீரோவும் அதே போலச் சுருங்கியிருந்தது. அறை அகலம் எட்டரை அடி. நிஜக் கட்டிலையும் நிஜ பீரோவையும் போட்டால் நடுவில் மிச்சம் ஒன்றே முக்கால் அடி. வாக்கரின் அகலமே இரண்டடி.

"சுவர் எழுப்பிட்டாங்களா?" என்றார் அக்கா.

"பேஸ்மட்டம் போட்டாச்சு. உள்சுவருக்கு இன்னிக்கு மார்க்கிங்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "பின்னாடி உக்காருங்க சார்" என்றார். வழியில் கேம்ப் ரோட்டில் வண்டியை நிறுத்தி ஐந்து கிலோ கோலப்பொடி வாங்கினார். டீச்சருக்குப் போன் போட்டு, வீட்டுக்காரரை வாக்கரோடு ஆட்டோவில் கூட்டி வரச் சொன்னார். டீச்சர் பதறிப்போய் முதலாளிக்குப் போன் போட, முதலாளியும் மாப்பிள்ளையும் காரில் கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது அக்கா பேஸ்மட்டத்தின் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டேப் பிடித்து, கோலப்பொடியால் கட்டில் போட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாக்கா, பொங்கலுக்கு இன்னும் நாள் கீதே. இப்பவே கோலம் போட்டுகினு கீற?"

"அந்தச் செங்கல்ல இருந்து கால எடுங்க மேஸ்திரி. அங்க பீரோ வருது."

மேஸ்திரி சட்டென்று தள்ளி நின்றார். கட்டில், பீரோ, வாஷ்பேசின், கழிப்பறைத் தொட்டி என்று ஒவ்வொன்றாக நிஜ அளவில் தரையில் வந்தன. கதவு திறக்கும் வட்டத்தை ஒரு கயிற்றைக் கட்டிச் சுழற்றிப் போட்டார். டேப்பின் இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் மாப்பிள்ளையைப் பார்த்து, "மாப்பிள்ளை சார், இதக் கொஞ்சம் பிடிங்க" என்றார். அவரும் பிடித்தார். கறுப்பு பேன்ட்டின் முழங்கால் இரண்டும் வெள்ளையாகிவிட்டன.

அப்புறம் அக்கா டீச்சர் வீட்டுக்காரரிடம், "ஐயா, இது உங்க கட்டில். இங்க இருந்து எந்திரிச்சுப் போறீங்க. அதோ அதுதான் பாத்ரூம் கதவு. எங்க, நடந்து காட்டுங்க" என்றார்.

அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். வாக்கரை ஊன்றி, கோலப்பொடிக் கட்டிலை மிதிக்காமல் சுற்றி, மெதுவாக வந்தார். நாலாவது அடியில் வாக்கரின் இடது கால் பீரோவின் கோட்டை அழித்துவிட்டது. சற்றுத் தள்ளி வைத்தார். வலது கால் கட்டிலின் மேல் ஏறியது. நின்றுவிட்டார்.

"டீச்சர்" என்று மனைவியைக் கூப்பிட்டார், வீட்டிலும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார் போல. "நான் பூந்து போற அளவுக்கு வழி இல்ல டீச்சர்."

டீச்சர் கையில் இருந்த பிளானைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "பேப்பர்ல மூணடி இருந்துச்சே?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"தப்பு என்னோடது டீச்சர். கட்டில அளவு பாக்காம கண்ணாலயே சுருக்கிட்டேன்" என்றேன். மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். "சார், அந்த லிஸ்ட்ல பதினாலு டிராயிங் எனக்குன்னு எழுதினேனே, அதுல ஒரு கதவு, ஒரு கட்டில்கூட நான் வரைஞ்சது இல்ல. எல்லாம் அக்கா அளந்து வச்சது. அவங்க அளக்கப் போய் மூணு மட்டும் போட்டதாலதான் நாங்க அத்தன போட்டோம். அக்காவோடத எடுத்துட்டு நான் தனியா மொதல்ல போட்டது இதுதான்."

மாப்பிள்ளை முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டத் தட்டப் பொடி பரவியது. அக்கா எங்கள் யாரையும் கவனிக்கவில்லை. கோலப்பொடிப் பையோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் வரும் சுவரை ஒன்றரை அடி ஹால் பக்கம் தள்ளினார். பீரோவைப் படிக்கட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். பாத்ரூம் கதவைக் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் கொண்டுவந்தார். பழைய கோடுகளை மேஸ்திரியே துடைப்பத்தால் பெருக்கிக் கொடுத்தார். அந்த மனிதருக்கும் இப்போது விஷயம் பிடிபட்டுவிட்டது.

"ஐயா, இன்னொரு தடவ."

அவர் மறுபடி நடந்தார். கட்டிலிலிருந்து கதவு வரை ஒரு கோடும் அழியவில்லை. கதவு வட்டத்துக்குள் வாக்கரைத் திருப்பி, இல்லாத தொட்டியின் பக்கத்தில் போய் நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்தார். "கதவச் சாத்திக்கலாமா?" என்று கேட்டார். டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார்.

கிளம்பும்போது முதலாளி அக்காவிடம், "திங்கக்கிழமை வந்துடுங்கக்கா" என்றார்.

"லெட்டர் குடுத்துட்டேனே சார்."

"பாத்தேன். தேதி போடற எடத்துல கோடு மட்டும்தான் இருக்கு. அது செல்லாது."

திங்கட்கிழமை நான் கம்ப்யூட்டரைத் திறந்தபோது பட்டையில் பீரோ இருந்தது. பியானோ போய்விட்டிருந்தது.

எட்டு மாதம் கழித்து அந்த வீட்டில் குடிபோகும் பிரதிஷ்டை ஜெபம். ஆபீஸ் மொத்தமும் போயிருந்தோம். பாஸ்டர் ஜெபித்து முடித்து, மொட்டை மாடியில் சாப்பாடு என்று அறிவித்துக்கொண்டிருந்த நேரத்தில், டீச்சர் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து எழுந்தார். பிடிக்கப் போன ஒரு சொந்தக்காரரை டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் வாக்கரை ஊன்றி ஊன்றி நடந்து, பாத்ரூமுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டோம், கேட்காத மாதிரி ஃபேனைப் பார்த்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் அவர் நேராக அக்காவிடம்தான் பேசினார்.

"பிடிச்சுக்கிற கம்பி மட்டும் ரெண்டு இஞ்ச் கீழ இருந்தா நல்லாருக்கும்மா."

அவ்வளவுதான், அக்கா கைப்பையிலிருந்து டேப்பை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் மாடிக்குப் போனோம். பக்கத்து நாற்காலியில் என் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்தேன். இலை போட்டார்கள். பிரியாணி வந்தது, ஆவி பறந்தது. இந்த மாதிரி விஷயங்களில் நான் யாருக்காகவும் பொறுத்தவன் இல்லை, என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

"சாப்டுங்க சார், ஆறிடப் போவுது" என்றார் பரிமாறியவர்.

"இருக்கட்டும்பா. எங்க அக்கா வந்துடட்டும்" என்றேன்.